இரண்டு வானங்களும் ஒரு கிரேன்காரரும்

தம்பி ஒரு வாரப் பத்திரிகையில் பக்கம் எழுதுகிறவன். பழைய புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, இன்றைக்கும் அதைப் படிக்கலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்கிற பக்கம். பாதி வாரங்களில் 'வேண்டாம்' என்றுதான் முடிப்பான். அவன் திட்டுவதை ரசிக்கவே ஒரு கூட்டம் இருந்தது.

அந்த வாரம் அவன் கையில் எடுத்தது 'இரண்டு வானங்கள்'. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டு இதழாக வந்த சூப்பர்ஹீரோ காமிக்ஸ். கீரியும் பாம்புமாக இருந்த இரண்டு கம்பெனிகள் திடீரென்று கைகோத்து, இவர்களுடைய நாயகர்களையும் அவர்களுடைய நாயகர்களையும் ஒரே கதைக்குள் இறக்கிவிட்டிருந்தன. இரண்டு உலகங்களின் வானங்கள் மோதிக் கிழிகின்றன, ஒரு ஊரின் தலைக்கு மேலே இன்னொரு ஊர் தலைகீழாகத் தொங்குகிறது, இரண்டில் ஒன்று அழியப்போகிறது. அவ்வளவுதான் கதை.

பதினொரு வயதில் அதில் நடு இதழ்கள் இரண்டு மட்டும் தம்பிக்குக் கிடைத்திருந்தன. முன்கதையும் தெரியாது, முடிவும் தெரியாது. ஆனாலும் அப்படி ஒரு பிரமிப்பு. இப்போது நாற்பது வயதில் முழுசாகப் பன்னிரண்டும் கிடைத்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றாவது இதழிலேயே தலை சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் தட்டில் கை வைக்காமல் புலம்பினான்.

"எழுபது பேரு அக்கா. எழுபது பேரு! ஒருத்தன் பேரு மனசுல நிக்கறதுக்குள்ள அடுத்தவன் பறந்து வந்துடறான். தீச்சிறகன்ங்கிறான், இடிவிழுங்கிங்கிறான். ஒரு குத்து விடறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் வசனம் பேசறாங்க. குத்து வாங்குறவன் அதுவரைக்கும் பொறுமையா நிக்கறான்."

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு எழுதிட்டுப் போயேன். உனக்கென்ன புதுசா?"

"அதான் கஷ்டமா இருக்கு" என்றான். குரல் இறங்கிவிட்டது.

அக்காவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "என்கிட்ட குடு. நான் படிச்சுச் சொல்றேன்."

"நீ எப்பக்கா காமிக்ஸ் படிச்ச?"

"கான்கிரீட் லாரி வர்ற வரைக்கும் மேல சும்மாதானே உக்காந்திருக்கேன்."

அக்கா டவர் கிரேன் ஓட்டுகிறவள். பதினோரு வருஷமாக அதுதான் வேலை. காலையில் ஏணியில் இருநூற்றுச் சொச்சம் படி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். சாப்பாட்டுத் தூக்கும் தண்ணீரும் முதுகுப் பையில் கூடவே ஏறும். மூன்று பக்கமும் கண்ணாடி, காலுக்கடியிலும் கண்ணாடி, குறுக்கே கால் நீட்ட முடியாத ஒரு சின்ன அறை. சைட்டில் அவளுக்குக் கழுகு என்று பேர். கீழே நின்று கையசைத்துச் சைகை காட்டுகிறவருக்கு விசில் என்று பேர். அவள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கெல்லாம் வாக்கிடாக்கியில் வரும் விசிலின் குரல்தான் கண்.

திங்கட்கிழமை லாரி வரத் தாமதமானது. முதல் இரண்டு இதழைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். தம்பி சொன்னது பொய்யில்லை. செவ்வாய்க்கிழமை இன்னும் இரண்டு. கொட்டாவிதான் வந்தது. புதன்கிழமை ஐந்தாவது இதழைப் பிரித்தவள், நடுப்பக்கத்தில் நின்றுவிட்டாள்.

ஒரு பாலம் உடைந்து விழுகிறது. ஆழிக்காரி என்கிற நாயகி அதைச் சங்கிலி போட்டுத் தாங்கிப் பிடிக்கிறாள். சங்கிலியை எங்கே மாட்டினால் பாலம் சாயாமல் நிற்குமோ, சரியாக அங்கே மாட்டியிருந்தாள். பாரம் ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கத்துச் சங்கிலி லேசாகத் தொய்ந்திருந்தது. வரைந்தவர் கற்பனையில் வரையவில்லை. எடை என்றால் என்னவென்று தெரிந்து வரைந்திருந்தார்.

அதற்கப்புறம் அவள் வசனங்களை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்க்க ஆரம்பித்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பாலத்துக்குப் பின்னால், புகைக்குள், கட்டைவிரல் உயரத்தில் ஒரு டவர் கிரேன். அதன் கூண்டுக்குள் ஒரு புள்ளி. மனிதத் தலை.

ஆறாவது இதழில் அதே கிரேன். நாயகர்கள் முன்னால் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்க, பின்னால் அது தீப்பிடித்த ஒரு மாடியிலிருந்து ஆட்களை ஒரு தொட்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அடுத்த பக்கத்தில் தொட்டி காலி. அதற்கடுத்த பக்கத்தில் மறுபடி நிறைந்திருந்தது. ஏழாவது இதழில் ஊரே ஓடுகிறது, கிரேன்காரர் மட்டும் இறங்கவில்லை. அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. பேர்கூட இல்லை.

எட்டாவது இதழில் வசனமே இல்லாத ஒரு இரட்டைப் பக்கம் வந்தது. வானம் இரண்டாகக் கிழிந்திருந்தது. எழுபது நாயகர்களும் மழைக்கு முன்னால் பறக்கிற ஈசல் மாதிரி சிதறியிருந்தார்கள். மேலே, தலைகீழாக, இன்னொரு உலகத்து ஊர். அந்த ஊரிலும் ஓரமாக ஒரு கிரேன், இவருடைய கிரேனைப் பார்த்துக் கவிழ்ந்தபடி. அதன் கூண்டிலும் ஒரு தலை. இங்கேயிருந்து ஒரு வடம் மேலே போகிறது, அங்கேயிருந்து ஒரு வடம் வருகிறது. இரண்டு கொக்கியும் பாதி வழியில் சந்தித்திருந்தன. நடுவில் ஒரு தொட்டி. தொட்டி நிறைய ஆட்கள்.

அக்கா இதழை மடியில் வைத்தாள். நிமிர்ந்தாள். காலடிக் கண்ணாடிக்குக் கீழே தெருக்களும் கூரைகளும் அவளுடைய ஊரும் அசையாமல் கிடந்தன. தினம் பார்க்கிற ஊர்தான். அன்றைக்கு முதல்முறையாகப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

"கழுகு, தூங்கிட்டியா? லாரி வந்தாச்சு!"

"வந்துட்டேண்ணே" என்றாள். இதழைப் பைக்குள் செருகினாள்.

சாயங்காலம் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகத் தரையில் இதழ்களைப் பரப்பினாள்.

"இதைப் பாத்தியா?"

"ரெண்டு தடவை படிச்சாச்சுக்கா. வானம் கிழியற சீன்."

"வானத்தை விடு. இந்த ஓரத்தைப் பாரு."

தம்பி குனிந்தான். கண்ணாடியை எடுத்துவிட்டுப் பக்கத்தை முகத்தருகே கொண்டுபோனான். அக்கா ஒவ்வொரு இதழாகத் திருப்பி, விரல் வைத்துக்கொண்டே வந்தாள். பிறகு இரட்டைப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைக் காட்டினாள்.

"இங்கதான் விஷயமே இருக்கு. ஒரு பாரத்தை ரெண்டு கிரேன் கைமாத்தும்போது, வாங்குறவன் வடம் விறைக்கிற வரைக்கும் குடுக்கறவன் விடக்கூடாது. ஒரு நொடி முந்தினா எல்லாம் போச்சு. இப்பப் பாரு, மேல இருக்கிற வடம் விறைப்பா இருக்கா? கீழ்வடம் லேசா தொய்ஞ்சிருக்கா? அதுக்கப்புறம்தான் இந்தக் கொக்கி திறக்குது. அவங்க ரெண்டு பேரும் பேசவே முடியாது. வேற வேற உலகம். கையசைச்சுக்கிட்டாங்களாங்கிறதுகூடத் தெரியாது. ஆனா சரியாப் பண்ணியிருக்காங்கடா."

தம்பி மறுபடி குனிந்து பார்த்தான்.  அந்தப் பக்கத்தில் முன்னால் தீச்சிறகனும் இடிவிழுங்கியும் யார் தலைவன் என்று நாலு கட்டத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு உலகம் இன்னொரு உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் இதழ் வரை எண்ணிப் பார்த்தான். முப்பத்தோரு தொட்டி.

இதழை மூடிவிட்டு, "அக்கா, நீ வேலை செய்யறதை நான் பாத்ததே இல்ல" என்றான்.

"என்ன இருக்கு பாக்க?"

"பாக்கணும்."

சைட் என்ஜினியர் நல்ல மனுஷர். தொப்பியும் மஞ்சள் சட்டையும் மாட்டி, சனிக்கிழமை காலையில் தம்பியைப் பதினாலாவது மாடித் தளத்துக்குக் கூட்டிப்போனார். கைப்பிடிக் கம்பியை விடக்கூடாது என்று மூன்று தடவை சொன்னார். சொல்லவே வேண்டாம், தம்பிக்கு நாற்காலி மேல் ஏறினாலே மயக்கம் வரும்.

அன்றைக்கு இறக்க வேண்டியது ஒரு படிக்கட்டு. ஆலையிலேயே வார்த்து லாரியில் வந்த முழுப் படிக்கட்டு, இரண்டு டன். கீழேயிருந்து அது தீப்பெட்டி மாதிரி கிளம்பியது. வர வரப் பெரிதாகி, தம்பியின் முகத்துக்கு நேரே வானத்தை மறைத்துக்கொண்டு வந்து நின்றது. நான்கு பேர் கைநீட்டிக் காத்திருந்தார்கள். அதன் இடம் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருந்தது. இந்தப் பக்கம் இரண்டு விரல்கடை, அந்தப் பக்கம் இரண்டு விரல்கடை.

"இறக்கு... இறக்கு... நில்லு" என்றார், அன்றைக்குத் தளத்துக்கே ஏறி வந்திருந்த விசில். "ஒரு மயிரிழை இடது."

இரண்டு டன் கல் ஒரு மயிரிழை இடதுபக்கம் நகர்ந்தது. எங்கேயும் உரசாமல், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல, உட்கார்ந்தது. சத்தமே வரவில்லை. நான்கு பேரும் கொக்கியைக் கழற்றிவிட்டுச் சாதாரணமாக அடுத்த வேலைக்குப் போனார்கள்.

தம்பி அண்ணாந்து பார்த்தான். வெயிலில் கண் கூசியது. கூண்டுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னத் தலை தெரிந்தது. சின்ன வயதில் அவன் சட்டைப் பித்தானை மாற்றி மாட்டினால் தலையில் குட்டுகிற அக்கா. பயத்தையும் மறந்து, கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். என்ஜினியர் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அடுத்த வாரம் வந்த பக்கத்தில் தம்பி திட்டவில்லை. வசனம் அதிகம், கூட்டம் அதிகம், உண்மைதான், என்று எழுதினான். ஆனாலும் இன்றைக்கும் படிக்க வேண்டிய புத்தகம், பறக்கிறவர்களை விட்டுவிட்டுப் பறக்காதவர்களைப் பின்தொடருங்கள் என்று எழுதினான்.

பத்திரிகை வந்த மறுநாளே ஒரு வாசகர் கடிதம் போட்டார். 'ஐயா, அந்தக் கிரேன் விஷயம் எங்களுக்கு முப்பது வருஷமாகவே தெரியும். நீங்கள் இப்போதாவது பார்த்தீர்களே.' தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஊருக்கே தெரிஞ்சா என்னடா? நான் பாத்தப்ப எனக்குப் புதுசாத்தானே இருந்துச்சு" என்றாள். பிறகு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு முறைத்தாள். "ஆனா நாலாவது இதழ் குப்பைன்னு எழுதச் சொன்னேனே, அது எங்க?"

"ஆசிரியர் வெட்டிட்டாருக்கா."

"கொண்டா அவரு நம்பரை."