தண்ணீரில் மிதந்த துணுக்கு

என் அண்ணனை அவர் அலுவலகத்தில் 'அத்தாட்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். விபத்தில் நசுங்கின வண்டிகளைப் பார்வையிட்டுக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது அவர் வேலை. வண்டிக்காரர் அழுதாலும் மசியமாட்டார், சத்தம் போட்டாலும் மசியமாட்டார். படம் எங்கே, சாட்சி யார், பிரேக் பிடித்த தடம் எத்தனை அடி என்றுதான் கேட்பார். வீட்டில் உப்பு குறைச்சல் என்று அவர் வாயெடுத்தால் போதும், "அத்தாட்சி இருக்கா?" என்பார் அண்ணி.

கடவுள் விஷயத்திலும் அப்படித்தான். "இருக்கேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் வாங்கிட்டு வா. நாளைக்கே கும்பிடறேன்" என்று என்னைச் சீண்டுவார்.

"அவர் கையெழுத்து உங்களுக்குப் புரியாதுண்ணா" என்பேன். அவருக்கு அது பிடிக்கும். சிரிப்பார்.

நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். வயிறு, மார்பு, ஈரல் என்று டாக்டர்கள் கிள்ளி அனுப்பும் திசுவை மெழுகில் பதித்து, நாடா மாதிரி மெல்லிசாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்பேன். அதற்குச் சாயம் ஏற்றி, எங்கள் டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, வியாதி இருக்கிறதா இல்லையா என்று எழுதுவார். இதில் ஒரு விதி உண்டு. ஒருவர் திசு முடிந்ததும், அடுத்தவர் திசுவைத் தொடுமுன், தண்ணீரின் மேற்பரப்பை மெல்லிய காகிதத்தால் வழித்துவிட வேண்டும். முந்தினவருடைய துணுக்கு ஏதாவது மிதந்தால் அடுத்தவர் தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படி வழிக்கும்போது ஒரு வரி வேண்டிக்கொள்வது என் பழக்கம். பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். 'நாற்பத்தாறைக் காப்பாற்று, நாற்பத்தேழைக் காப்பாற்று' என்று எண்ணைச் சொல்லியே வேண்டிக்கொள்வேன். நாற்பத்தாறு யாரென்று கடவுளுக்குத் தெரியாதா என்ன.

அண்ணனுக்கு வயிற்று வலி வந்தது. குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுக்கச் சொன்னார்கள். மருத்துவமனை பெஞ்சில் அவர் பக்கத்தில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். பள்ளிச் சீருடை தைப்பவர், துணைக்கு யாரும் இல்லை. அண்ணன் முறை வந்தபோது எழுந்து, "இவங்க தனியா வந்திருக்காங்க. முதல்ல இவங்களைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். அதனால் தையல்காரம்மாவுக்கு முந்தின எண் கிடைத்தது. அண்ணனுக்கு அடுத்தது.

இரண்டு திசுவும் என் மேசைக்குத்தான் வந்தன. தையல்காரம்மாவுடையதைச் சீவி எடுத்தேன். அடுத்த மெழுகுக் கட்டியைக் கையில் எடுத்ததும் என் அண்ணனுடையது என்ற நினைப்பு வந்தது. ஒரு வரி போதவில்லை. சீவும் எந்திரத்தை நிறுத்தி, கண்ணை மூடி, கைகூப்பி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்ததும் வேலையைத் தொடர்ந்தேன்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் வயிற்றில் புற்றுநோய்.

அண்ணன் அழவில்லை. அறுவைக்கு நாள் குறிக்கப் பெரிய மருத்துவமனையில் காத்திருக்கச் சொன்னார்கள். தையல்காரம்மாவுக்கு முதலில் நான்கு தடவை மருந்து ஏற்றிவிட்டுப் பிறகு அறுவை என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. அண்ணன் தன் வண்டியிலேயே அவரை அழைத்துப்போனார். திரும்பும் வழியில் அந்த அம்மா வாந்தி எடுப்பார் என்று ஒரு நீலப் பிளாஸ்டிக் கிண்ணம் வாங்கி டிக்கியில் வைத்திருந்தார். அண்ணனே பிடித்து, அண்ணனே கழுவுவார். தனக்கும் அதே வியாதி என்று எழுதிய காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்தார். கடவுளை நம்பாத மனிதர் என்று அவரைச் சொன்ன நாக்கை அன்றைக்கு நான் கடித்துக்கொண்டேன்.

ஒரு மாலை என்னிடம் வந்தார். "எப்படிக் கேக்கணும், சொல்லிக் குடு" என்றார்.

"யாருகிட்ட?"

"உன் ஆளுகிட்டதான். நாப்பது நாள் தர்றேன். அதுக்குள்ள அத்தாட்சி காட்டினா, காலம் பூரா நான் அவர் ஆளு."

"இப்படிப் பேரம் பேசக் கூடாதுண்ணா."

"எனக்கு வேற பேசத் தெரியாதும்மா."

தினமும் என்னோடு பிரார்த்தனைக் கூடத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். முப்பத்தெட்டாம் நாள், அறுவைக்கு முன்னால் பெரிய மருத்துவமனையில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஒரு புண் ஆறின தழும்பு மட்டும் இருந்தது. இன்னொரு தடவை சதை எடுத்தார்கள். சுத்தம். "பழைய தகட்டை வாங்கிட்டு வாங்க, ஒப்பிட்டுப் பார்க்கணும்" என்று அங்கிருந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்ட என் அண்ணன், "கடவுள் செஞ்ச வேலையை நீங்க சோதிச்சுப் பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

அந்த வாரம் பிரார்த்தனைக் கூடத்தில் அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பேசினார். "இவ என் தங்கை. பரிசோதனைக் கூடத்துல இருக்கா. வியாதி இருந்ததுக்கு இவளே சாட்சி" என்று என்னையும் எழுப்பி நிறுத்தினார். நானும் எழுந்து, ஆமாம் என்றேன். அழுதேன்.

சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அண்ணன் மாறிக்கொண்டே போனார். பக்கத்து வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், "வீட்ல பிரார்த்தனை உண்டா?" என்று கேட்பார். வேலை போய் நிற்கிற ஒருவரிடம், "உள்ள என்ன அழுக்கு இருக்குன்னு பாத்துக்கோ" என்றார். அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "முன்னாடி உப்புக்குத்தான் குறை சொல்வாரு. இப்ப என் ஆத்மாவுக்குச் சொல்றாரு. உப்புன்னா ஒரு சிட்டிகை போட்டுடலாம்."

நான் சிரித்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

தையல்காரம்மாவைப் பற்றி நான் விசாரிக்கவே இல்லை. அந்தப் பாவம் என்னுடையது.

மூன்று மாதம் கழித்துப் பெரிய மருத்துவமனையிலிருந்து எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கே கடிதம் வந்தது. அண்ணனுடைய பழைய தகட்டைக் கேட்டிருந்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்தேன். அனுப்புமுன் ஒரு தடவை பார்க்கலாமே என்று மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அண்ணனுடைய துணுக்குகள் நாலும் வரிசையாக, சாதுவாக இருந்தன. ஓரத்தில், வரிசையில் சேராமல், ஐந்தாவதாக ஒன்று. வியாதி முழுக்க அதில்தான் இருந்தது. முந்தின எண்ணின் தகட்டை எடுத்து வைத்தேன். அதே முகம். அண்ணனுடைய மெழுகுக் கட்டியை மறுபடி சீவிப் பார்த்தேன். அதில் நாலு துணுக்குகள்தான் இருந்தன.

அன்றைக்கு நான் தண்ணீரை வழிக்கவில்லை. கைகூப்பி நின்றிருந்தேன்.

டாக்டரம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் கவனிச்சிருக்கணும்" என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "உங்க அண்ணன் நல்லா இருக்கார். அந்தம்மாவுக்குச் சரியான முடிவுதான் போயிருக்கு, வைத்தியமும் நடக்குது. யாருக்கும் நஷ்டம் இல்ல. கிளறினா கூடத்தை மூட வேண்டியதுதான்" என்றார்.

வைத்தியம் நடக்கிறதா என்று பார்க்கலாமே என்று மருத்துவமனைக்கு ஃபோன் செய்தேன். இரண்டு தடவைக்குப் பிறகு அந்த அம்மா வரவில்லை என்றார்கள்.

சாயங்காலம் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி டீ கொண்டுவந்து வைத்தார். நான் இரண்டு தகடுகளையும் மேசையில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அண்ணன் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கண்ணை மூடி நின்னேன்னு சொல்றியே, உன் கண்ணை மூட வெச்சது யாரு?"

"நான்தான்ணா மூடினேன். மூடியிருக்கக் கூடாது."

"அவர் என்னை அழைக்கணும்னு நினைச்சாரு. அதுக்கு உன் கையை உபயோகிச்சாரு. அவ்வளவுதான்."

"உங்களுக்கு வியாதியே இல்ல. அதுக்கு அத்தாட்சி இது. கையில வெச்சிருக்கீங்க."

"அத்தாட்சி கேக்கற ஆள் நான் இல்ல இப்போ" என்று தகட்டைக் கீழே வைத்தார். ஒரு காலத்தில் எந்த அத்தாட்சியும் அவருக்குப் போதாது. இப்போதும் போதவில்லை.

"தையல்காரம்மாவை மருந்தை நிறுத்தச் சொன்னீங்களா?"

"நான் ஒருநாளும் நிறுத்துன்னு சொல்லலை. என்னைப் பாருங்கன்னு சொன்னேன். ஒரே நாள், ஒரே பெஞ்சு, ஒரே வியாதி. நான் ஒரு சொட்டு மருந்து ஏத்திக்கலைன்னு சொன்னேன். இதுல என்ன பொய்?"

"ஏன் அவங்களைக் கூட்டிட்டுப் போறதை நிறுத்தினீங்க?"

தகடுகளை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ போய் இதைச் சொன்னா, அவ நம்பிக்கையைக் கொன்ன பாவம் உனக்கு" என்றார்.

அண்ணி எழுந்து போய் வண்டிச் சாவியை எடுத்துவந்து என் டீ டம்ளர் பக்கத்தில் வைத்தார். "காலைல எட்டு மணிக்கு டோக்கன் குடுப்பாங்க. கிண்ணம் டிக்கியிலதான் இருக்கு" என்றார். அண்ணன் அவரை முறைத்தார். அண்ணி அவரைப் பார்க்காமல் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மாவின் கடை ஒரு கதவு அகலம். மறுநாள் காலை நான் போனபோது சின்னச் சின்னச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. நான் யாரென்று சொல்லி, செய்ததைச் சொன்னேன். முழுக்கத் தையல் எந்திரத்தைப் பார்த்தபடியே கேட்டார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அப்ப அவர் தகட்டுல இருந்தது என்னோடது?"

"ஆமாம்மா."

"அப்போ அந்த மனுஷன் ஒரு மாசத்துக்கு மேல என் வியாதியைத் தன்னோடதுன்னு நினைச்சுப் பயந்திருக்காரு. பாவம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவரைக் குணமாக்கலை, அப்படித்தானே?"

"குணமாக்க ஒண்ணும் இல்லம்மா."

"மூணு மாசமா நான் தேடிக்கிட்டிருக்கேன். அவருக்குக் கிடைச்சது எனக்கு ஏன் கிடைக்கலைன்னு. எந்தத் தப்பு, எப்போ செஞ்சதுன்னு. எங்கம்மாகிட்ட சண்டை போட்டது வரைக்கும் யோசிச்சுட்டேன். ஒருத்தருக்கு நாலு அங்குலம் துணி மிச்சம் பண்ணிக் குடுக்காம வெச்சுக்கிட்டேன், அதுகூட ஞாபகம் வந்தது." சட்டையை மடித்து வைத்தார். "அப்ப அது எதுவும் இல்லையா?"

"எதுவும் இல்லம்மா. தண்ணியை நான் வழிக்கலை. அவ்வளவுதான்."

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்து, "இன்னிக்குத்தான் நிம்மதியா கும்பிட முடியும்போல" என்றார். பிறகு செருப்பைத் தேடினார்.

எட்டு மணிக்கு டோக்கன் வாங்கினோம். படம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரலுக்குப் போய்விட்டது, இனி அறுவை இல்லை என்றார்கள். முன்பே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான் எங்கள் பரிசோதனைக் கூடத்து முதலாளிக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தேன். இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அது நியாயம். பிரார்த்தனைக் கூடத்தில் எழுந்து நின்று, நான் முன்பு சொன்ன சாட்சி தவறு என்றேன். பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கிக்கொண்டு, தங்கைக்குப் பொறாமை என்று மென்மையாகச் சொன்னார். அண்ணன் முன்வரிசையில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அதன்பின் நான் வீட்டிலேயே வேண்டிக்கொள்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டு.

ஐந்து மாதம் தையல்காரம்மாவை மருந்துக்கு அழைத்துப்போனேன். வலி குறைய மட்டும்தான் அது. கிண்ணத்தை நான் பிடித்தேன். சில நாள் அண்ணி பிடித்தார். கடைசி வாரம் ஒரு மதியம், ஜன்னலோரப் படுக்கையில், அவர் போய்விட்டார்.

சாவியைத் திருப்பித் தர அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கடைக்குப் போயிருந்தார். அண்ணனே கதவைத் திறந்தார். அந்த ஐந்து மாதமும் என்னோடு அவர் பேசவில்லை.

"முடிஞ்சுது" என்றேன்.

தலையசைத்தார். சாவியை வாங்கிக்கொண்டு, "கடைசில நம்பிக்கையோட போனாளா?" என்று கேட்டார். அறிக்கையில் எழுதிக்கொள்ளக் கேட்பதுபோல் இருந்தது.

"உங்க வயித்து வலி எப்படியிருக்குன்னு கேட்டாங்க. புண் இருந்த வயிறு, பட்டினி போடாம பாத்துக்கச் சொன்னாங்க."

அண்ணன் வண்டியைப் பார்க்கப்போகிறவர்போல் வெளியே வந்து டிக்கியைத் திறந்தார். நீலக் கிண்ணம் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்தார். குப்பையில் போடப்போகிறார் என்று நினைத்தேன். வாசல் குழாயைத் திறந்து, குந்தி உட்கார்ந்து, அதைக் கழுவ ஆரம்பித்தார்.

காலையில் நான் கழுவி வைத்த கிண்ணம்தான். சொல்லவில்லை. தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டேயிருந்தது. அவர் விரலால் உள்பக்கத்தைத் திரும்பத் திரும்ப வழித்துக்கொண்டிருந்தார்.