வெறும் கரைப்பானில் ஒரு மேடு

ஐம்பத்து மூன்று மணி நேரமாக எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு முடிவும் வெளியே போகவில்லை. குளிர்பெட்டியில் பன்னிரண்டு பழச்சாறு பாட்டில்கள் காத்திருந்தன. பிளாஸ்டிக்கை இளக்கும் ரசாயனம் அவற்றில் கலந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்குமுன், சாறு சேர்க்காத வெறும் கரைப்பானைக் கருவியில் செலுத்துவோம். திரையில் கோடு தட்டையாக வரவேண்டும். திங்கட்கிழமையிலிருந்து அதில் ஒரு மேடு எழுந்துகொண்டே இருந்தது.

அப்படியென்றால் அழுக்கு எங்களுடையது.

கரைப்பானை மாற்றினோம். ஊசியை மாற்றினோம். மேடு அசையவில்லை. மூன்றாம் நாள், குடுவை கழுவும் அக்காவிடம் மேலாளர் போய் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

“ஒழுங்காத்தான் கழுவுறீங்களாம்மா?”

“நாலு தடவை அலசுறேன் சார். எங்க வீட்டு டம்ளரைக்கூட இப்படித் தேய்ச்சதில்ல.”

மேலாளர் மூக்கைச் சுருக்கினார். “என்ன வாசனை இது?”

“க்ரீம் சார்.” அக்கா கைகளை நீட்டிக் காட்டினார். பிளாஸ்டிக் கையுறையிலும் அதே ரசாயனம் உண்டு என்பதால் வெறுங்கையால்தான் கழுவுவார். போன வாரம்வரை வெடித்து ரத்தம் கசிந்த விரல்கள். “எங்க வீட்டுக்காரரு சொல்லாம கொள்ளாம பையில வச்சிருக்காரு. கேட்டா நான் இல்லைங்கறாரு. இந்த வயசுல வெக்கத்தப் பாருங்க! வேலைக்கு நடுநடுவே பூசிக்கிறேன்.”

வாசனை க்ரீம்களிலும் அந்த ரசாயனம் இருக்கும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

“பதினோரு வருஷமா இங்க இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா? நாளையிலேருந்து கிடங்குக்குப் போங்க. இங்க வேற ஆளப் போட்டுக்கறேன்.”

அக்காவின் முகம் சுண்டிப்போனது. தொட்டியின் குழாயை மெதுவாக மூடினார்.

வேலைக்குச் சேர்ந்த மாதம் நான் யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தபோது, “வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா பாப்பா?” என்று கேட்டு, தன் டிபன் டப்பாவை என் பக்கம் நகர்த்தியவர் அவர். அந்த மேலாளரிடம் நான் இதுவரை “சரி சார்” தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

மேலாளர் கதவருகே போய்விட்டார்.

“சார்.”

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. இருவரும் திரும்பினார்கள்.

“அந்த க்ரீம அக்கா பையில வச்சது நான்தான் சார்.”