மேனேஜருக்கு மூட்டுவலி

கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்தபோது அவள் கொண்டுவந்தது இரண்டு பெட்டிகளும் ஒரு கூண்டும். பெட்டிகளில் துணிமணியும் கேக் அலங்கரிக்கும் சாமான்களும் இருந்தன. கூண்டில் ஒரு கினிப் பன்றி. பழுப்பும் வெள்ளையுமாக, கழுத்தே இல்லாமல், ஓரத்தில் மறந்து வைத்துவிட்டுப் போன தலையணை மாதிரி உட்கார்ந்திருக்கும். பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தி எல்லாரையும் ஓடவிட்டதால் அவள் வைத்த பெயர். அப்படியொரு பெயரை வைத்த பிறகு ‘அது’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ‘அவர்’ என்றுதான் சொல்வாள்.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். மேனேஜரிடம் அவனுக்கு வெறுப்பும் கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. பெருச்சாளிக்குப் பெரியப்பா மகனாக இருக்கும் என்று மனதுக்குள் நினைத்ததோடு சரி. வெளியே சொல்லத் துணிச்சல் வரவில்லை. சொல்லும் அளவுக்கு அவளிடம் இன்னும் பழகவில்லை என்பதுதான் உண்மை. “சாப்பிடுறீங்களா?” “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று, ஒரே வீட்டைத் தவறுதலாக வாடகைக்கு எடுத்துவிட்ட இரண்டு பேர் போல மரியாதையாக நடந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சமையலறையில் கிரீம் அடிக்கும் மெஷினை அவள் நிறுத்தியதும் வீடு அமைதியானது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் காதில் மெல்லிசாக ஒரு சத்தம் விழுந்தது. இயந்திரங்களின் முனகலைக் கேட்டே பிழைப்பவன் அவன். பேப்பரை வைத்துவிட்டு எழுந்தான். பிரிட்ஜில் காதை வைத்தான். பிறகு மின்விசிறிக்குக் கீழே நின்றான். அவள் கையைத் துடைத்தபடி வந்தபோது தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

“என்ன தேடுறீங்க?”

“ஒரு சத்தம் வருது. பேரிங் தேஞ்சா வர்ற மாதிரி, கறக் கறக்குன்னு.” கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றான். “இவர்கிட்ட இருந்துதாங்க வருது.”

“அவர் எப்பவும் எதையாவது மென்னுக்கிட்டேதான் இருப்பார்.”

“மெல்லுற சத்தம் வேகமா, ஒரே சீரா வரும். தினமும் கேக்குறேனே. இது வேற. தவிர வாயில ஒண்ணுமே இல்லை பாருங்க.”

அவள் குனிந்து பார்த்தாள். காலையில் வைத்த குடைமிளகாய்த் துண்டு அப்படியே கிடந்தது. மேனேஜர் முதுகைக் கூனி, ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியிருந்தார். கொஞ்ச நாளாகவே பிரிட்ஜ் கதவு திறந்தால் அவர் ஓடி வருவதில்லை. வயசாகிறது என்று நினைத்து விட்டுவிட்டாள்.

“என் முதுகுவலி மாத்திரை இருக்கு. ஒரு துணுக்கு உடைச்சுக் குடுத்துப் பார்க்கலாமா?” என்றான் அவன்.

“வேணாங்க. டாக்டரைக் கேக்காம ஒண்ணும் குடுக்க வேணாம்.”

கம்பெனி வேனில், இரும்புக் கயிற்றுச் சுருளுக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் கூண்டை வைத்து, மேடுபள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்த பிராணி மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா மேனேஜரின் பின்னங்காலை விரலால் லேசாக மடக்கினார். ஒரு கீச்சல் வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

“ரெண்டு முழங்காலும் தேஞ்சிருக்கு. வலி தாங்காமத்தான் பல்லைக் கடிச்சிருக்கார். இந்த மாதிரி ஜீவனெல்லாம் வலியை வெளியில காட்டாது. காட்டுனா வேற ஏதாவது வந்து புடிச்சுத் தின்னுடும்னு பயம். நீங்க கண்டுபிடிச்சதே பெரிய விஷயம்.”

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

“என் முதுகுவலி மாத்திரையைக் குடுக்கலாமான்னு நினைச்சேன், டாக்டர்.”

“நல்லவேளை குடுக்கல. நம்ம வலியைப் போக்குற மாத்திரை இவரையே போக்கிடும்.” ஒரு சின்ன சிரப் பாட்டிலையும் ஊசி இல்லாத சிரிஞ்சையும் மேஜையில் வைத்தார். “எடைக்குத் தக்க அளவு. கோடு போட்டிருக்கேன், அதுக்கு மேல ஒரு சொட்டுக்கூட வேணாம். சாப்பிடுறாரா, புழுக்கை போடுறாரா, ரெண்டையும் கவனிங்க. இவருக்குச் சாப்பாடு நின்னா குடலும் நின்னுடும். சாப்பிடாம இருந்தா நாளைக்குப் பார்க்கலாம்னு விடாம உடனே கூப்பிடுங்க.”

“எப்ப குணமாகும்?” என்று அவள் கேட்டாள்.

“தேஞ்சது தேஞ்சதுதான். ஆனா வலியை அடக்கிட்டா சந்தோஷமா இருப்பார். மருந்து அவர் இருக்குற வரைக்கும்.”

வீட்டுக்கு வந்து மருந்து கொடுக்க உட்கார்ந்தபோதுதான் மேனேஜருக்கு எத்தனை பலம் மிச்சமிருக்கிறது என்று தெரிந்தது. துண்டில் சுற்றி அவன் பிடித்துக்கொள்ள, அவள் சிரிஞ்சை நீட்டினாள். துண்டு மட்டும் அவன் கையில் இருந்தது, மேனேஜர் சோபாவுக்கு அடியில் இருந்தார். மறுபடி பிடித்தார்கள். அவர் தலையை உதறியதில் சிரப் பாதி அவன் மீசையில் போய் உட்கார்ந்தது.

“இனிப்பாத்தாங்க இருக்கு,” என்றான் அவன், நாக்கால் தொட்டுவிட்டு.

“அதை ஏன் நீங்க குடிக்கிறீங்க!”

எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு சிந்தியது என்று யாருக்குத் தெரியும்? டாக்டருக்குப் போன் போட்டு, சிந்தினதைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, திரும்ப நிரப்பினாள். மேனேஜர் மறுபடி நெளிந்தார். அவன் பிடி நழுவப் பார்த்தது.

“டேய், கெட்டியாப் புடிடா!”

வீடே உறைந்துபோனது. அவன் உறைந்தான், மேனேஜரும் வாயைப் பாதி திறந்தபடி உறைந்தார். அந்த இடைவெளியில் அவள் சிரிஞ்சை வாயின் ஓரமாக, முன்பற்களுக்குப் பின்னால் நுழைத்து, கேக்கில் பூவுக்கு நடுவே பொட்டு வைப்பது போல நிதானமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு முடித்தாள். மேனேஜர் விழுங்கினார்.

“யாரைச் சொன்னீங்க?” என்றான் அவன் மெதுவாக.

“மேனேஜரைத்தான்.”

“மேனேஜரை நீங்க ‘அவர்’னுதானே சொல்லுவீங்க?”

அவள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவனுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே சாய்ந்துவிட்டான். அன்றோடு அந்த வீட்டில் ‘நீங்க’ செத்தது. வா, போ, இதப் பிடி, அதத் தா என்று சண்டையும் கிண்டலுமாக நிஜமான குடித்தனம் தொடங்கியது.

மேனேஜரும் தேறினார். முதலில் வைக்கோலைக் கொறித்தார், அப்புறம் குடைமிளகாய்க்குக் குரல் கொடுத்தார். கேக் தராசை அவள் தரமாட்டேன் என்றதால், போல்ட் நட் நிறுக்கும் தராசை அவன் கழுவித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து தினமும் அவரை நிறுத்துப் பார்த்தான். வைக்கோல் தட்டை எட்டிப் பிடித்தால் கால் வலிக்குமென்று அதை இறக்கி மாட்டினான். கூண்டின் தரையில் பஞ்சு மாதிரி போர்வை விரித்தான். “லிப்ட் ஒண்ணு வச்சுக் குடுக்கவா, சார்?” என்று கூண்டுக்குள் கேட்டதை அவள் ஒளிந்து நின்று ரசித்தாள்.

குளிர் தொடங்கியதும் அந்தச் சத்தம் திரும்பி வந்தது. அவன்தான் முதலில் கேட்டான். முகம் வாடிப்போயிற்று.

“இன்னும் ரெண்டு சொட்டு சேர்த்து விட்டா என்ன? பாவமா இருக்கு.”

“கோட்டுக்கு மேல வேணாம்னு சொன்னாங்கல்ல? நாமளா எதுவும் பண்ணக்கூடாது. எனக்கு மட்டும் பாவமா இல்லையா?”

அவன் வாதாடவில்லை. போனைக் கூண்டோரம் வைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தான். பிறகு, ஒப்பிட்டுப் பார்க்கட்டுமென்று, மேனேஜர் கொத்தமல்லித் தண்டு மெல்லும் சத்தத்தையும் தனியாகப் பதிவு செய்தான். இரண்டையும் கேட்ட டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

“நோயாளி போட்டோவைக் காட்டுவாங்க, வீடியோ காட்டுவாங்க. பல்லுக் கடிக்கிற சத்தத்தை வகை பிரிச்சுக் கொண்டுவந்தது நீங்க ஒருத்தர்தான்.”

மேனேஜரைத் தடவிப் பார்த்து, எடை பார்த்து, பழைய மருந்தோடு வேறு வகை வலி மருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். இதில் தூக்கம் கொஞ்சம் வரலாம், பயப்பட வேண்டாம் என்றார்.

கொஞ்ச நாளில் ஒரு காலை, அவன் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் ‘தொப்’பென்று கேட்டது. திரும்பினான். மேனேஜர் நின்ற இடத்திலேயே எகிறி, நடுவானில் இடுப்பை ஒரு திருகு திருகி, திசை மாறி வந்து விழுந்தார். மறுபடி ஒரு எகிறல்.

“ஏய், ஓடி வா! ஓடி வா!”

அவள் கையெல்லாம் கிரீமோடு ஓடிவந்தாள். “என்னாச்சு? ஃபிட்ஸா?”

“குதிக்கிறார்!”

மேனேஜர் இன்னொரு முறை துள்ளினார். குட்டியாக இருந்தபோது சந்தோஷம் வந்தால் அப்படித் துள்ளுவார். அதற்கப்புறம் அவள் பார்த்ததே இல்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, கிரீம் கையோடு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் போன் அடித்தது. ஏதோ கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டதாம். உள்ளே ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். இல்லை என்றார்கள்.

“அப்ப கொஞ்ச நேரத்துல வர்றேன். சட்டை மாத்தணும்,” என்று வைத்துவிட்டான்.

வெயில் திரும்பியதும் இருவரும் முதல் தடவையாக வெளியூர் கிளம்பினார்கள். கூண்டும் மருந்துப் பையும் கூடவே வந்தன. ஏரிக்கரை விடுதியின் புல்தரையில் மேனேஜரை இறக்கிவிட்டபோது, இத்தனை சாப்பாட்டை ஒரே இடத்தில் பார்த்த திகைப்பில் அவர் ஒரு கணம் அசையாமல் நின்றார். மருந்து வேளை வந்ததும் அவள் சிரிஞ்சை எடுத்தாள். பிடிக்க யாரும் தேவைப்படவில்லை. அவரே வந்து இரண்டு முன்னங்கால்களாலும் அதைப் பற்றிக்கொண்டு உறிஞ்சினார். பிறகு புல்லுக்குத் திரும்பிவிட்டார். அவனும் அவளும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தார்கள்.