முதுகுச் சூட்டில் முட்டை

"சாவியைத் திருப்பு! இன்னொரு தடவை திருப்புடா, மாக்கூசி!"

லாரியின் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்தினேன். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். அதோடு சரி. எங்கள் கூட்டுறவுக் கடையின் லாரி செத்துவிட்டது.

ஓடுபாதையில் விமானத்தின் வயிறு திறந்திருந்தது. பைலட் பெட்டி பெட்டியாகப் பனிமேல் இறக்கிக்கொண்டிருந்தான். முட்டை, வாழைப்பழம், திராட்சை, தக்காளி. புயல் ஓய்ந்து வந்த முதல் விமானம். கடை அலமாரியில் மிச்சம் இருந்ததோ கடுகு சாஸும் நாய்த் தீனியும்தான். குளிர் மைனஸ் முப்பத்தெட்டு. ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் தக்காளி கல்லாகிவிடும்.

"எஞ்சினை எதுக்குடா அணைச்சே?"

குளிர்காலத்தில் வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் யாரும் வெளியே நிற்கும் வண்டியை அணைப்பதில்லை. கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். டிரைவர் மாக்கூசி தன் பூட்ஸைப் பார்த்தான்.

"சத்தத்துல ரேடியோ கேக்கலக்கா. பிங்கோ ஆட்டம் போயிட்டிருந்துச்சு. எனக்கு ரெண்டே நம்பர்தான் பாக்கி."

அவனை அறைய நேரமில்லை. போன மாதம்தான் ஒரு லோடு உறைந்து குப்பைக்குப் போனது. தெற்கே இருக்கும் தலைமை அலுவலகம் போனில் சொல்லிவிட்டது: இன்னொரு லோடு வீணானால், மேனேஜர் நாற்காலியில் வேறு ஆள். அந்த நாற்காலியில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒருத்தி நான்.

"இறக்காம கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?" என்றேன் பைலட்டிடம்.

"மூடுபனி வருது, அக்கினிசி. அடுத்த ஊருக்குச் சரக்கைப் போட்டுட்டு வந்துடறேன். பெட்ரோல் போட இங்கதான் திரும்பணும்."

விமான நிலையக் கொட்டகையில் ஹீட்டர் புயலன்றே நின்றுபோனது. உள்ளேயும் அதே குளிர்தான்.

விமானத்திலிருந்து ஒரே ஒரு பயணி இறங்கினான். எங்கள் ஜனம்தான். கடற்கரையோரம் கீழ்ப்பக்கத்து ஊர்க்காரன் என்று பேச்சிலேயே தெரிந்தது. கையில் ஒரு பை.

"அக்கா, என் பேரு தாமுசி. நான் வந்து..."

"பேச்சு அப்புறம், தம்பி. கோட்டைத் திறந்து அந்தத் திராட்சைப் பெட்டி மேல படு."

"படுக்கணுமா?"

"படு!"

படுத்தான். நான் வாக்கிடாக்கியை எடுத்தேன். ஊர் ரேடியோவில் நம்பர் வாசித்துக்கொண்டிருந்த பாசா எரிந்து விழுந்தாள்.

"பிங்கோ நடுவுல ஏண்டி வர்றே?"

"நிறுத்து அதை."

எங்கள் ஊரில் சாவுச் செய்திகூட ஆட்டம் முடிகிறவரை காத்திருக்கும்.

"என்னைச் சுட்டுடுவாங்கடி! சியாஜாவுக்கு ஒரே நம்பர்தான் பாக்கி. பரிசு புது ஸ்னோமொபைல்!"

"வாழைப்பழம் பனியில கிடக்கு, பாசா. ஊர்ல இருக்கிற அமாவுத்தி அத்தனையும் வேணும். குழந்தையை இறக்கி விட்டுட்டு வரச் சொல்லு. இல்லேன்னா அடுத்த விமானம் வரைக்கும் எல்லாரும் கடுகு சாஸை நக்குங்க."

அமாவுத்தி என்கிற கோட்டின் முதுகுப் பையில் குழந்தையைப் போட்டுக்கொண்டு எங்கள் பெண்கள் எந்தப் புயலிலும் நடப்பார்கள். தாயின் முதுகுச் சூடு போதும், அது தூங்கிக்கொண்டே வரும். குழந்தைக்குப் போதுமென்றால் வாழைப்பழத்துக்குப் போதாதா?

விமானம் கிளம்பிப் போனது. நான் தக்காளிப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஊர்ப்பக்கத்து மேட்டையே பார்த்தேன். யாரும் வரவில்லை. மாக்கூசி முட்டைகளுக்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டு வெறும் ஸ்வெட்டரில் குதித்துக்கொண்டிருந்தான்.

பிறகு மேட்டின்மேல் ஒரு விளக்கு. இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை. ஸ்னோமொபைல்கள் பனியைக் கிழித்துக்கொண்டு இறங்கின. முன்னால் சியாஜா, பல்லில் பிங்கோ அட்டையைக் கவ்வியபடி.

"என் ஸ்னோமொபைல் போச்சுன்னா உன் கடையை எழுதி வாங்குவேன், அக்கினிசி!" என்று அட்டையைக் கையில் எடுத்துக் கத்திக்கொண்டே முதுகைக் காட்டினாள். பைக்குள் வாழைச் சீப்புகளைத் திணித்தேன். அடுத்தவளுக்குத் தக்காளி. அதற்கடுத்தவளுக்குத் திராட்சை.

ரேடியோவை அப்படியே போட்டுவிட்டுப் பாசாவும் வந்துவிட்டாள், தன் மகளின் அமாவுத்தியையும் தூக்கிக்கொண்டு. கடைசியாக முட்டை அட்டைகள் மிஞ்சின. கோட்டு ஒன்று கையில் இருக்கிறது, போட்டுக்கொள்ளப் பெண் இல்லை. தாமுசியைப் பார்த்தேன்.

"கையைத் தூக்கு, தம்பி."

"அக்கா! அது பொம்பளைங்க கோட்டு!"

"முட்டைக்கு அதெல்லாம் தெரியாது. தூக்கு."

அமாவுத்தி மாட்டிய ஆம்பளையை எங்கள் கடற்கரை பார்த்ததில்லை. பார்த்தால் மறக்கவும் மறக்காது. அவன் கையைத் தூக்கினான். பெண்கள் ஊளையிட்டார்கள்.

"தம்பிக்கு இது எத்தனாவது மாசம்?" என்றாள் பாசா.

லாரிக்கு முன்னால் நான் ஓட்டிவந்த ஸ்னோமொபைலில் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் பனிமேடு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் உயிர் போய் வந்தது.

"அக்கா, உங்ககிட்ட முக்கியமா ஒண்ணு..."

"முட்டை உடைஞ்சா நான் முக்கியமா ஒண்ணு சொல்வேன். ஆடாம உக்காரு!"

கடைக்குள் ஓடினோம். முதல் அட்டையைத் திறந்தேன். உறைந்த முட்டை நீளவாக்கில் வெடித்திருக்கும். ஒன்றை எடுத்து விளக்கில் பார்த்தேன். கீறல் இல்லை. அடுத்தது. அடுத்த அட்டை. எல்லாம் முழுசு! வாழைப்பழம் மஞ்சள் மாறவில்லை. தக்காளியை அழுத்தினால் அமுங்கியது!

கடைக் கூரை பறக்கிற மாதிரி ஒரு கூச்சல் எழுந்தது. நான் தராசுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே சிரித்தேன்.

"இந்தத் திராட்சை எனக்குத்தான்," என்று பாசா பெட்டியைக் கட்டிக்கொண்டாள். "என் முதுகுல பொறந்தது!"

"அப்ப பேரு வெச்சுட்டு வாங்கிட்டுப் போ," என்றாள் சியாஜா, வாயெல்லாம் வாழைப்பழம்.

கூடைகள் நிரம்பின. எனக்குக் கை ஓயவில்லை. கூரைக்கு மேலே விமானம் திரும்பி வரும் சத்தம் கேட்டது. வரிசையின் கடைசியில் நின்ற தாமுசி அமாவுத்தியைக் கழற்றி, ஒழுங்காக மடித்து என் மேசைமேல் வைத்தான்.

"இப்பவாவது பேசலாமாக்கா?"

"பேசு, தம்பி. யார் வீட்டு விருந்தாளி நீ?"

"யார் வீட்டுக்கும் இல்ல. திரும்பிப் போற விமானத்துல எனக்கு ஒரு இடம் சொல்லுங்க. இங்க காலி நாற்காலி இல்லைன்னு தலைமை ஆபீசுல நானே சொல்லிக்கிறேன்."

"என்ன நாற்காலி?"

"உங்களுதுதான். இந்த லோடும் எப்படியும் வீணாத்தான் போகும், இன்னிக்கே கடைச் சாவியை வாங்கிக்கிட்டு நாளையிலேருந்து அதுல உக்காருன்னு சொல்லி அனுப்பினது என்னைத்தான்."