நியாய விலை முந்திரி

திருமுருகனை நான் பழிவாங்கினேன். ஆற அமர, ஒரே ஒரு சொல்லை வைத்து. அதற்காக இன்றுவரை எனக்கு ஒரு துளி வருத்தமில்லை.

ஆலங்குடிப் பக்கம் இருக்கிற அவனுடைய முந்திரி கம்பெனியில் என் அம்மா செவந்தி ஏழு வருஷம் கொட்டை உடைத்தாள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் விரலெல்லாம் கறுத்து வெடித்துக் கிடக்கும். சோறு பிசைந்தால் எரிகிறது என்று அம்மா கரண்டியால் சாப்பிடுவாள்.

போன வருஷம் கம்பெனிக்கு 'ஃபேர் டிரேடு' சான்றிதழ் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். உழைக்கிறவர்களை நியாயமாக நடத்தும் கம்பெனி என்று அதற்கு அர்த்தம். பெரிய ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து இரண்டு மடங்கு விலைக்கு வாங்குவார்கள். அன்று காலை திருமுருகன் எல்லோருக்கும் புது ரப்பர் கிளவுஸ் கொடுத்தான். வந்தவர்களின் கார் கிளம்பியதும் ஒரு அட்டைப்பெட்டியை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டான். அம்மா மட்டும் கழற்றவில்லை. "எங்களுக்குன்னுதானங்க குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து அவளுக்கு வேலை இல்லை.

அது போதாதென்று கம்பெனியின் புது முந்திரி பாக்கெட் வேறு வந்தது. யாரோ ஒருத்தியின் வழவழப்பான கை, அதில் வெள்ளை வெளேரென்று பருப்பு. கீழே கையெழுத்து மாதிரி 'செவந்தி' என்று தமிழில் போட்டு, அன்போடு உடைத்தது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. துரத்திவிட்டவளின் பேரை வைத்து வியாபாரம்! "எம்பேரையாவது விட்டு வச்சிருக்கலாம்ல இலக்கியா," என்று அம்மா அழுதாள்.

நான் புதுக்கோட்டையில் ஒரு பிரஸ்ஸில் டைப் அடிக்கிறேன். மார்கழிக் கடைசியில் அவனே அங்கு வந்து நின்றான். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. மும்பையில் வளர்ந்தவன், தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பொங்கல் கண்காட்சியில் ஸ்டால் போடுகிறானாம், பேனர் வேண்டுமாம்.

"ஃபேர் டிரேடுக்குத் தமிழ்ல நல்ல வேர்டா போடுங்க மேடம். ஜனங்களுக்குப் பாத்ததும் புரியணும்."

பி.ஏ. தமிழ் படித்தவள் நான். 'நியாய வணிகம்' என்று எழுத எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் மாற்றி அடித்தேன்.

"நியாய விலை முந்திரின்னு போட்டுருக்கேன் சார். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரிஞ்ச சொல்லு."

"சூப்பர் மேடம். பெருசா போடுங்க."

ஆள் உயரத்துக்குப் போட்டேன்.

நம்மூரில் ரேஷன் கடைக்குத்தான் நியாய விலைக் கடை என்று பெயர். பொங்கலுக்கு ரேஷனில் முந்திரி கொடுத்த வருஷங்களை யார் மறப்பார்கள்? அம்மாவை அழைத்துக்கொண்டு நான் கண்காட்சிக்குப் போனபோது ஸ்டாலுக்கு முன்னால் பையும் கையுமாக வரிசை நின்றது.

"கார்டு எடுத்தாரல, கைரேகை வச்சாத் தருவீங்களா?"

"கால் கிலோ ஐந்நூத்தம்பதா? நியாய விலைன்னு எழுதிப்புட்டு இங்கிட்டுப் பகல் கொள்ளையில்ல அடிக்கிறீங்க!"

"ரேஷன் இல்லங்க, இது வேலை பாக்குறவங்களுக்கு நியாயம்..." என்று அவன் தொண்டை வறளக் கத்தினான்.

"அப்ப வாங்குறவனுக்கு நியாயம் வேணாமாப்பா?" என்று ஒரு மீசைக்காரர் மடக்கினார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அவன் பக்கத்தில் ஷீபா என்றொரு பெண் நின்றிருந்தாள். சென்னையில் நாற்பது கடை வைத்திருக்கும் கம்பெனிக்குச் சரக்கு எடுக்க வந்தவள். பேனரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இதை மொதல்ல கழட்டுங்க திருமுருகன். எங்க கஸ்டமர் விலையைப் பாக்க மாட்டாங்க, பேரைத்தான் பாப்பாங்க. யாரு இந்த செவந்தி, நல்லா இருக்காங்களான்னு கேட்டுட்டுத்தான் எடுப்பாங்க."

"ரொம்ப நல்லா இருக்காங்க மேடம். நம்ம கம்பெனியிலதான் இருக்காங்க," என்றான்.

அடுத்து நடந்தது என் திட்டத்தில் இல்லை. அம்மா வரிசையை விலக்கிக்கொண்டு போய், கறுத்த இரண்டு கைகளையும் பாக்கெட்டுகளின் மேல் வைத்தாள்.

"நான்தாங்க செவந்தி. என்னைய இவரு நிப்பாட்டி ஒரு வருஷமாச்சு."

ஷீபா அந்தக் கைகளையும் படத்தில் இருந்த கையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு எங்கோ போய்விட்டது.

திருமுருகன் அம்மாவின் காதருகே குனிந்தான். "நாளைக்கே வேலைக்கு வந்துருங்கக்கா. கிளவுஸ் தர்றேன். எல்லாருக்கும் தர்றேன்."

"அவுகளுக்குக் குடு. நான் வரமாட்டேன். எம்பேர அழி."

அவன் ஷீபாவைப் பார்த்தான். "அந்தப் பேரோட ஒரு பாக்கெட்கூட எங்க கடைக்கு வரக்கூடாது," என்றாள் அவள்.

பக்கத்து ஸ்டாலில் மார்க்கர் பேனா வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். முந்நூறு பாக்கெட் இருக்கும். ஒவ்வொன்றிலும் பேரை அடித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினான். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது அந்தப் பேர் ஒன்றுதான். ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றை அவன் மடியிலேயே திருப்பிப் போட்டாள்.

"இதுல 'வ' தெரியுது. திரும்ப அடி."