ஜன்னல் இல்லாத அறை

சூடு ஏறினால் கால்கள் துவண்டுவிடும் நரம்பு நோய் எனக்கு. நாளை நாமக்கல்லில் மகள் ஸ்ரீதேவிக்குக் கல்யாணம். தாரை வார்க்கும்போது நான் நின்றாக வேண்டும். எனக்கென்று அவள் மேடையில் நாற்காலி போடச் சொல்லியிருந்தது மனதைக் குத்தியது.

ராத்திரி தங்க அறை தேடிப் போன மூன்றாவது லாட்ஜின் மேனேஜரும் மேல்மாடி அறையையே காட்டினார்.

"வி.ஐ.பி. ரூமுங்க. ஜன்னல்ல மலைக்கோட்டை தெரியும்."

வெயில் குடித்த சுவர் உள்ளங்கையைச் சுட்டது.

"ராத்திரி வண்டி ஓட்டுற லாரி டிரைவருங்க பகல்ல எந்த ரூமுலீங்க தூங்குவாங்க?"

"கீழ, ஜன்னலே இல்லாத ரூமுங்க. உங்களாட்டம் குடும்பத்தாளுங்களுக்கு ஆகாதுங்க."

"அதையே தொறங்க."

அறை இருட்டாக, சில்லென்று இருந்தது. அரைமணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எதையும் பிடிக்காமல் எழுந்து நின்று, மகளுக்குப் போன் செய்தேன்.

"முகூர்த்தம் வரைக்கும் இந்தக் குளிர்ச்சியிலயே இருந்துட்டு வந்தா நின்னுருவேன். அந்த நாக்காலிய எடுத்துரச் சொல்லு சாமி."