ஐந்து மடங்கு

அக்கா பதினெட்டு வருடம் பேருந்து ஓட்டியவள். பக்கவாதம் வந்தபின் கால் தேறிவிட்டது. இடது கை மட்டும் மடியில் கிடந்தது. மறுவாழ்வு மையத்தில் அவள் கண்ணில் ஒரு கணினிக் கண்ணாடி மாட்டினார்கள். அதில் அதே அறை, அதே மேசைதான் தெரியும். மேசைமேல் மட்டும், நிஜத்தில் இல்லாத பந்துகள் உருளும். அவள் கையின் மேலேயே இன்னொரு கை தெரியும். நிஜக் கை ஒரு விரற்கடை நகர்ந்தால், அந்தக் கை ஐந்து விரற்கடை நகரும்.

"மூளை நம்பினாத்தான் கை கேக்கும்," என்று அந்த ஐந்து மடங்குக்குக் காரணத்தைப் பயிற்சியாளர் முதல் நாளே எங்கள் இருவரிடமும் விளக்கினார். அக்கா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"தூக்கிட்டேன்! பாத்தியாடி?" என்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மேசையோடு ஒட்டிக் கிடந்த கையும் அதன் நடுக்கமும்தான்.

"பாத்தேன்க்கா. நல்லாத் தூக்குன."

மூன்று மாதம் இதையே சொன்னேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அதைக் கேட்கும்போது மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை சீருடையைத் தேய்க்கச் சொன்னாள். எதற்கு என்றேன். "என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க," என்றாள். பேருந்துப் பணிமனை மேலாளர் முன்னால் போய் நின்றபோதுதான், வேலையைத் திரும்பக் கேட்க வந்திருக்கிறாள் என்று புரிந்தது.

"கை வந்துடுச்சு சார். இதோ பாருங்க."

எல்லோரும் பார்த்தோம். கழுத்து நரம்பு புடைத்தது. தோள் காதை நோக்கி ஏறியது. கை தொங்கியது.

"பரவால்லம்மா, உக்காருங்க."

"இருங்க சார், இப்பத் தூக்கும். என் தங்கச்சியே பாத்திருக்கா. சொல்லுடி!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இனி மையத்துக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் எனக்கு முன்பே செருப்பு மாட்டி நின்றாள்.

"அந்த அஞ்சு மடங்கை எடுத்துடுங்க தம்பி. என் கையே தெரியட்டும்," என்றாள் பயிற்சியாளரிடம்.

"மனசு விட்டுப்போயிடும்மா."

"விட்டுப்போக இன்னும் என்ன இருக்கு?"

எடுத்துவிட்டார். கால் மணி நேரம் முயன்றாள். கை மேசையோடு ஒட்டியே கிடந்தது. பழக்கதோஷத்தில், நல்லாத் தூக்குன என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"நீ வெளிய இரு," என்றாள், திரும்பாமல். "தம்பி, நீங்க சொல்லுங்க. அசஞ்சுதா?"

"கட்டைவிரல் மட்டும்மா. ஒரு அரிசி அளவு."

நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே அக்கா வாய்விட்டு அழுதாள். எழுந்து கதவுவரை போனேன். தள்ளித் திறக்கத் தைரியம் வரவில்லை.